‘வேண்டும்’ என்னும் வினை: மெசியாவின் பாடும் அதன் கட்டாயமும்



சமய நம்பிக்கைகளைப் பெயர்ச்சொற்களில் தேடுவதே நம் வழக்கம். கடவுள், உயிர், வினை, வீடு, அருள் என்று அடுக்கிக்கொண்டு போவோம். கிறித்தவ சமயத்தின் உட்கருவான நம்பிக்கை ஒன்று மட்டும் ஒரு துணைவினையில் தங்கியிருக்கிறது. நாசரேத்து ஊரினராகிய இயேசு உரோமை ஆட்சியாளரால் சிலுவையில் அறையப்பட்டு இறந்தார் என்பது வரலாற்றுச் செய்தி. அதனை உரோமை வரலாற்றாசிரியர் தாசித்தும் எழுதிவைத்தார். மெசியா துன்புற்று இறக்க வேண்டும் என்பது நம்பிக்கை. ‘இறந்தார்’ என்பதற்கும் ‘இறக்க வேண்டும்’ என்பதற்கும் இடைப்பட்ட தொலைவை முதல் தலைமுறைக் கிறித்தவர்கள் எவ்வாறு கடந்தார்கள், அதற்கு மொழி எவ்வாறு துணைநின்றது என்பதே இன்றைய பொழிவின் பொருள். நம்பிக்கை மெய்யா என்று தீர்ப்பளிக்கும் தகுதி மொழியியலாருக்கு இல்லை. சொல் வந்த வழியைக் காட்டும் கடமை உண்டு.

லூக்கா எழுதிய நற்செய்தி நூலின் இறுதி அதிகாரத்தில் ஒரு காட்சி வருகிறது. எருசலேமிலிருந்து எம்மாவு என்னும் ஊரை நோக்கி இருவர் நடக்கின்றனர். தம் தலைவர் கொல்லப்பட்டு மூன்று நாள் ஆகிறது. இசுரயேல் மக்களை மீட்கப்போகிறவர் அவரே என்று தாங்கள் நம்பியிருந்ததாக, வழியில் வந்து சேர்ந்த அயலார் ஒருவரிடம் சொல்கின்றனர். நம்பியிருந்தோம் என்று இறந்தகாலத்தில் சொல்கின்றனர். இப்போது அந்த நம்பிக்கை இல்லை. அவர்கள் உண்மையில் உயிர்த்தெழுந்த இயேசுவிடமே பேசிக்கொண்டிருக்கின்றனர் என்கிறது நூல். அவர் அவர்களைக் கடிந்து, மெசியா இவற்றையெல்லாம் பட்டுத் தம் மாட்சியை அடைவது கட்டாயமாக இருந்ததல்லவா என்று கேட்கிறார். மூலக் கிரேக்கத்தில் அந்தக் கட்டாயத்தைச் சொல்லும் வினை ‘எதெய்’. அதன் நிகழ்கால வடிவம் ‘தெய்’. இரண்டு எழுத்துக்குள் அடங்கிவிடும் இச்சொல்லைத்தான் நாம் பின்தொடரப் போகிறோம்.

அதற்கு முன், அந்த இருவரும் ஏன் நம்பிக்கையிழந்தனர் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். ‘மாஷியாஹ்’ என்னும் எபிரேயச் சொல்லுக்கு எண்ணெய் பூசப்பட்டவர், அதாவது திருமுழுக்காட்டிப் பதவியில் அமர்த்தப்பட்டவர் என்பது பொருள். முடிசூடும் அரசருக்கும் தலைமைக் குருவுக்கும் அப்பெயர் உரியது. யூதரல்லாத பாரசீக மன்னர் கோரேசைக்கூட ஏசாயா நூல் அச்சொல்லால் குறிக்கிறது. பாபிலோனில் சிறைப்பட்டிருந்தோர் ஊர் திரும்ப இசைவளித்தவர் என்பதால் அந்தச் சிறப்பு. கிரேக்கர் இதனைக் ‘கிறிஸ்தோஸ்’ என்று மொழிபெயர்த்தனர். நாம் இயற்பெயர் போல வழங்கும் ‘கிறிஸ்து’ ஒரு பட்டப்பெயரின் மொழிபெயர்ப்பு என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

கி.மு. 63ஆம் ஆண்டில் உரோமைத் தளபதி பொம்பேயு எருசலேமைக் கைப்பற்றிய பின் எழுந்த ‘சாலமோனின் திருப்பாடல்கள்’ என்னும் தொகுப்பு, அக்காலத்தவர் எதிர்பார்த்த மெசியாவைத் தெளிவாகக் காட்டுகிறது. அவர் தாவீதின் வழியில் வரும் அரசர், அயலாரை எருசலேமிலிருந்து துரத்துபவர், நேர்மையுடன் ஆள்பவர். சாக்கடலருகே கும்ரானில் வாழ்ந்த குழுவினரின் ஒழுங்கு நூல், குருகுலத்தில் ஒருவரும் அரசகுலத்தில் ஒருவருமாக இரு மெசியாக்களை எதிர்பார்த்தது. எதிர்பார்ப்பு ஒன்றாக இருக்கவில்லை. ஆனால் பகைவரிடம் தோற்று, அவர்கள் கையால் மரத்தில் அறையப்பட்டு இறக்கும் மெசியாவை அந்நூல்களில் காண முடியவில்லை.

விதிவிலக்கு உண்டா? கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த நான்காம் எஸ்ரா என்னும் நூலில் மெசியா நானூறு ஆண்டு வாழ்ந்து இறக்கிறார். ஆயின் அவருடன் மூச்சுவிடும் மாந்தர் அனைவரும் இறக்கின்றனர். உலகம் ஏழு நாள் அமைதியில் கிடக்கிறது. அந்தச் சாவு யாருக்காகவும் அன்று. காலம் முடிந்தது, அவ்வளவே. போரில் வீழும் ‘யோசேப்பின் மகனாகிய மெசியா’ ஒருவரைப் பற்றித் தல்மூது பேசுகிறது. அந்தத் தொகுப்பு இன்னும் பிந்தியது.

1991ஆம் ஆண்டு இறுதியில் இவ்வழக்கில் ஒரு பரபரப்பு எழுந்தது. கும்ரான் நான்காம் குகைச் சுவடித் துண்டுகளுள் ஒன்றில், சமூகத்தின் தலைவர் கொல்லப்படுவதாக எழுதியிருக்கிறது என்று அமெரிக்க அறிஞர்கள் ஐசன்மனும் வைசும் அறிவித்தனர். கொல்லப்படும் மெசியா கிறித்தவத்துக்கு முன்பே இருந்தார் என்று செய்தித்தாள்கள் எழுதின. எபிரேய எழுத்து முறையை அறிந்தோர்க்கு இது நல்ல பாடம். அம்மொழியில் மெய்யெழுத்துகளையே எழுதுவர். உயிரொலியைப் படிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். சர்ச்சைக்குரிய வினையை ஒரு வகையாக ஒலித்தால் ‘அவர்கள் தலைவரைக் கொல்வார்கள்’ என்று வரும். இன்னொரு வகையாக ஒலித்தால் ‘தலைவர் அவனைக் கொல்வார்’ என்று வரும். எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறிவிடுகின்றன. ஆக்சுபோர்டின் கேசா வெர்மசு அத்துண்டின் மற்ற வரிகளை ஒப்புநோக்கி இரண்டாம் வாசிப்பையே நிறுவினார். தாவீதின் குலத்தளிர் பகைவனைத் தோற்கடிக்கிறார் என்பதே அங்குள்ள செய்தி என இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கின்றனர். உருபுகளைத் தாராளமாகப் பயன்படுத்தும் தமிழில் பிறந்த நமக்கு, கொன்றவர் யார், கொல்லப்பட்டவர் யார் என்பதில் ஐயம் எழும் என்பதே வியப்பாக இருக்கும்.

ஆகவே எம்மாவு வழியில் நடந்தவர்கள் தளர்ந்தது இயல்பே. கொல்லப்பட்டார் என்றால் மெசியா அல்லர் என்பது அக்காலப் பட்டறிவு. கி.பி. 44க்குப் பிறகு, ஆளுநர் பாதுவின் காலத்தில், தெயுதா என்பவர் யோர்தான் ஆற்றைப் பிளந்து காட்டுவதாகக் கூறி மக்களைத் திரட்டினார். படையினர் அவர் தலையை வெட்டி எருசலேமுக்குக் கொண்டுசென்றனர் என்கிறார் யோசேப்பு. அத்தோடு அவர் கதை முடிந்தது. 132இல் கிளர்ச்சி செய்த சீமோன் பார் கோக்பாவை இரபி அக்கீபா போன்ற பெரியவரே மெசியா என்று போற்றினார். 135இல் சீமோன் வீழ்ந்தபின் அப்பட்டமும் வீழ்ந்தது. இயேசுவின் இயக்கம் மட்டும் தலைவரின் சாவுக்குப்பின் கலையவில்லை. அவர் உயிர்த்தெழுந்தார் என்று அதன் உறுப்பினர்கள் நம்பியது அதற்கு முதற்காரணம். ஆனால் உயிர்த்தெழுந்தார் என்பது ஏன் இறந்தார் என்ற கேள்விக்கு விடையாகாது. அந்த விடையை அவர்கள் தம் மறைநூலில் தேடினர்.

தேடியவர்களின் கண்ணில் பட்ட பகுதிகளுள் தலையாயது ஏசாயா 53ஆம் அதிகாரமும் அதற்கு முந்திய சில வரிகளும். பாபிலோனியச் சிறையிருப்புக் காலத்தைச் சேர்ந்ததாகப் பலரும் கருதும் பாடல் அது. பெயர் சொல்லப்படாத ஓர் ‘ஊழியர்’ இகழப்படுகிறார், அடிக்கப்படுகிறார், வாய் திறவாமல் சாகிறார். பிறருடைய குற்றத்தை அவர் சுமந்தார் என்று, முன்னர் அவரை இகழ்ந்தோரே இப்போது அறிக்கையிடுகின்றனர். இந்த ஊழியரைப் பற்றிய நான்கு பாடல்களைத் தனியே பிரித்துக்காட்டியவர் செருமானிய அறிஞர் துகும். அவருடைய உரை 1892இல் வெளிவந்தது. இங்கே கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அப்பாடலில் ‘மாஷியாஹ்’ என்னும் சொல் ஓரிடத்திலும் இல்லை. துன்புறும் ஊழியர் பற்றிய பாடல் இருந்தது. வெல்லும் மெசியாவைப் பற்றிய எதிர்பார்ப்பும் இருந்தது. இவ்விரண்டும் ஒருவரையே சுட்டுகின்றன என்று சொல்வதுதான் புதுமை.

யூதர்கள் அப்பாடலை எவ்வாறு படித்தனர்? ஊழியர் என்பது பல நாடுகளில் சிதறித் துன்புற்ற யூத இனம் முழுமையையும் குறிக்கும் என்று தம்மோடு வாதிட்டோர் கூறியதாக மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் எழுதுகிறார். பதினொன்றாம் நூற்றாண்டின் பேருரையாளர் இராசியும் அவ்வழியே சென்றார். அரமேய மொழியில் அமைந்த தர்கூம் என்னும் விளக்க மொழிபெயர்ப்பு வேறொரு வழியை மேற்கொண்டது. ஊழியர் மெசியாவே என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. பின்னர்ப் பாடலில் வரும் துன்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பகைவர் மேலும் மக்கள் மேலும் ஏற்றிவிடுகிறது. மெசியாவுக்கு வெற்றி மட்டும் எஞ்சுகிறது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலத்தோடு இத்துணைப் போராடியதை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஊழியரும் மெசியாவும் ஒருவரே என ஏற்றபோதும் துன்பத்தை ஏற்க முடியாமல் கை நடுங்கியது தெரிகிறது.

திருத்தூதர் பணிகள் நூலில் வரும் எத்தியோப்பிய அலுவலர் இதே பகுதியைத் தேரில் அமர்ந்து படித்துக்கொண்டு போகிறார். இறைவாக்கினர் தம்மைப் பற்றிச் சொல்கிறாரா, வேறொருவரைப் பற்றியா என்று பிலிப்புவிடம் கேட்கிறார். எந்த இலக்கிய மாணவரும் கேட்க வேண்டிய நல்ல வினா அது. பிலிப்பு அதற்கு இயேசு என்று விடை தந்தார். விடை கிடைத்தவர்களுக்கு அப்பாடல் பிறகு வேறு எவரையும் குறிக்க இயலாததாயிற்று.

இனி ‘தெய்’ என்னும் வினைக்கு வருவோம். ‘குறைவுபடு, தேவைப்படு’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது இது. இதற்கு எழுவாய் வேண்டியதில்லை. யாருக்கு என்ன கட்டாயம் என்று மட்டும் சொல்லும். யார் கட்டாயப்படுத்துகிறார் என்று சொல்லாது. புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ நூறு இடங்களில் இது வருகிறது. அவற்றுள் நாற்பது அளவிலானவை லூக்கா எழுதிய இரு நூல்களில் உள்ளன. ஒரு சொல்லின் மேல் ஓர் ஆசிரியருக்கு உள்ள பற்று இதனால் விளங்கும்.

எபிரேயத்திலும் அரமேயத்திலும் இதற்கு நேரான வினை இல்லை. தானியேல் நூலின் இரண்டாம் அதிகாரம் நல்ல சான்று. மன்னருக்குக் கனவின் பொருளைச் சொல்லும் தானியேல், இறுதி நாள்களில் என்ன நிகழும் என்பதைக் கடவுள் காட்டினார் என்கிறார். அரமேய மூலத்தில் உள்ளது வெறும் எதிர்காலம்: ‘நிகழும்’. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அவ்விடத்தில் ‘தெய்’ போட்டு ‘நிகழ வேண்டியவை’ என்று ஆக்கினார். கடவுள் முன்கூட்டிக் காட்டிவிட்டார் என்றால் அது நிகழாமல் போகுமா என்று எண்ணினார் போலும். நடக்கும் என்பது நடந்தே தீரும் என்று ஆனது, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குச் சொல்லைக் கடத்தும் கணத்தில். இரு நூற்றாண்டுக்கும் குறைவான இடைவெளியில், அந்தக் கிரேக்கப் பழைய ஏற்பாட்டைப் படித்து வளர்ந்தவர்களே இயேசுவின் சாவை எழுத அமர்ந்தனர்.

எதிர்த்திசைப் பயணமும் நிகழ்ந்தது. நற்செய்தி நூல்களைச் சிரியாக்கு மொழிக்குப் பெயர்த்தவர்கள் மாற்கு நூலின் ‘தெய்’ வந்த இடத்தில் ‘அத்தீத்’ என்றனர். ‘ஆயத்தமாயுள்ள, நேரப்போகிற’ என்பது அதன் பொருள். கட்டாயம் மீண்டும் எதிர்காலமாயிற்று. கேரளத்துத் தோமா கிறித்தவர்கள் பல நூற்றாண்டுகளாக வழிபாட்டில் கேட்டது இச்சொல்லைத்தான். மலாய் அறிந்த நீங்கள் இதைக் கேட்டு வியக்க மாட்டீர்கள். ‘ஹாருஸ்’ என்றால் இந்தோனீசியாவில் கட்டாயம்; இங்கே இசுலாமியச் சட்ட விளக்கங்களில் அதுவே ‘செய்யலாம், தடையில்லை’ என்று பொருள்படும். ஒரே சொல் மலாக்கா நீரிணையைக் கடப்பதற்குள் கட்டாயத்திலிருந்து இசைவாக மாறிவிடுகிறது.

நூல்களை எழுதப்பட்ட வரிசையில் வைத்துப் பார்த்தால் கட்டாயம் எவ்வாறு வளர்ந்தது என்பது புலப்படும். 50களில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில், தாம் பிறரிடமிருந்து பெற்ற மரபு என்று ஒரு வாய்பாட்டைத் தருகிறார்: மறைநூலின்படி கிறிஸ்து நம் பாவங்களுக்காக இறந்தார். எந்த மறைநூல், எந்த வரி என்று அது சொல்லவில்லை. ‘வேண்டும்’ என்னும் வினையும் அதில் இல்லை. அதே மடலில், சிலுவையில் அறையுண்ட மெசியா யூதருக்கு இடறுகல், பிறருக்கு மடமை என்று அவர் ஒப்புக்கொள்கிறார். எதிர்ப்பை மறைக்காத அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். எருசலேம் ஆலயம் அழிந்த 70ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த மாற்கு நூலில்தான் ‘தெய்’ இயேசுவின் வாய்மொழியாக வருகிறது. மானிட மகன் பல பாடுபட்டுக் கொல்லப்பட வேண்டும் என்று அவர் கற்பிக்கத் தொடங்குகிறார்; பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். பேதுருவின் அதிர்ச்சியை நான் வரலாற்றுச் சான்றாகவே மதிக்கிறேன். திருச்சபையின் தலைமைத் தூதரை ‘சாத்தானே’ என்று ஏசப்பட்டவராகக் காட்டும் காட்சியைத் திருச்சபை வீணே கற்பனை செய்திருக்காது. அதற்கு ஓரிரு பத்தாண்டுக்குப் பின் எழுதிய லூக்காவிடம் அந்த அதிர்ச்சி ஒரு கொள்கையாக உறைந்துவிடுகிறது. அவருடைய இரண்டாம் நூலில் பவுல் தெசலோனிக்கத் தொழுகைக்கூடத்தில் மூன்று ஓய்வுநாள்கள் வாதிடுவதே இதைப் பற்றித்தான்: மெசியா பாடுபட வேண்டியிருந்தது என்று முதலில் நிறுவுகிறார், அதன் பின்னரே அந்த மெசியா இயேசு என்கிறார்.

எம்மாவுக் காட்சியில் வினை இறந்தகாலத்தில் இருப்பதையும் கருதுக. நிகழ்வதற்கு முன் சொல்லும் ‘வேண்டும்’ வேறு. நிகழ்ந்த பின் திரும்பிப் பார்த்துச் சொல்லும் ‘வேண்டியிருந்தது’ வேறு. பின்னது துயரத்தின் இலக்கணம். நம் வீட்டுச் சாவுகளின் பின்னும் நாம் அதைக் கையாளுகிறோம்.

வாதம் அத்தோடு முடியவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன் என்னும் கிறித்தவ அறிஞர் திரிப்போ என்ற யூதரோடு நிகழ்த்தியதாக எழுதிய உரையாடல் கிடைத்துள்ளது. எழுதியவர் ஒருபக்கத்தார் என்பதை மறவாமல் படிக்க வேண்டிய நூல். திரிப்போ ஓரிடத்தில், மெசியா துன்புறுவார் என்பதை மறைநூலிலிருந்து ஏற்கலாம் என்று இணங்குகிறார். ஆனால் ஏன் சிலுவை என்று கேட்கிறார். மரத்தில் தொங்கவிடப்பட்டவர் சாபத்துக்குள்ளானவர் என்பது திருச்சட்டம். துன்பம் வேறு, இழிவு வேறு என்று அவர் பிரித்துக் காட்டியது கூர்மையான வாதம். பவுல் ஏற்கெனவே கலாத்தியர் மடலில் அதே சட்டத்தை எடுத்துக்கொண்டு, நம் சாபத்தை அவர் தம்மேல் ஏற்றார் என்று திருப்பியிருந்தார்.

இந்தக் கட்டாயத்துக்கு ஓர் இருண்ட பக்கம் உண்டு. அதனைச் சொல்லாமல் போனால் இப்பொழிவு நேர்மையற்றதாகும். மெசியா சாக வேண்டும் என்பது கடவுளின் திட்டமாயின், சாவுக்குக் காரணமானோரை எவ்வாறு குற்றம் சாட்டுவது? சிற்றாசியாவில் சர்தை நகரின் ஆயராக இருந்த மெலித்தோ இரண்டாம் நூற்றாண்டில் ஆற்றிய பாஸ்கா உரை, பாப்பிரசுச் சுவடியிலிருந்து 1940இல் முதன்முறை பதிப்பிக்கப்பட்டது. அதில் அவர் ‘பாஸ்கா’ என்னும் சொல்லுக்குப் பாடுபடுதலைக் குறிக்கும் கிரேக்க வினையாகிய ‘பாஸ்கோ’வை வேராகக் காட்டுகிறார். சொற்பிறப்பியலில் இது பிழை; பாஸ்கா எபிரேயப் ‘பெசஹ்’ வழி வந்தது. ஒலி ஒத்ததால் இணைத்தார். நம் ஊர்ச் சொல்லாராய்ச்சியிலும் இத்தகைய விளையாட்டுக்குப் பஞ்சமில்லை. அதனால் யாருக்கும் தீங்கில்லை என்று விடலாம். ஆனால் அதே உரையில் அவர் யூத இனத்தைக் குற்றக் கூண்டில் நிறுத்துகிறார். அவர் சாக வேண்டியிருந்தது, ஆகவே கொன்றேன் என்று அவ்வினம் விடை சொல்வதாகக் கற்பனை செய்து, சாக வேண்டியிருந்தது மெய், ஆனால் உன் கையால் அன்று என்று மறுக்கிறார். தீர்ப்பளித்த ஆளுநர் பிலாத்துவும் அறைந்த படையினரும் உரோமையர் என்பது அந்தச் சொல்வன்மையில் மங்கிப்போகிறது.

மெலித்தோவின் ஊரில் யூதர்கள் செல்வாக்கோடு இருந்தனர். கிறித்தவர்கள் சிறு கூட்டத்தினர். பின்னாளில் ஆட்சி கிறித்தவர் கைக்கு வந்தபோது, கடவுளைக் கொன்ற இனம் என்னும் பழி ஐரோப்பிய நகரங்களில் யூதக் குடியிருப்புகள் தாக்கப்படுவதற்குத் துணைபோயிற்று. முரண்பாடு வெளிப்படையானது: உலகு உய்ய அச்சாவு நேர்ந்தே ஆக வேண்டும் என்று நம்பியோரே அதற்காக ஓர் இனத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தண்டித்தனர். 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு, இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் அனைவர் மேலும் இன்றைய யூதர் மேலும் சுமத்தலாகாது என்று அறிவித்தது. மெலித்தோவின் காலத்திலிருந்து எண்ணினால் ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள்.

கட்டாயம் எத்தகையது என்று இறையியலாரும் கேட்காமல் இல்லை. காண்டர்பரி பேராயர் அன்செல்ம், நாடு கடத்தப்பட்டிருந்தபோது 1098இல் முடித்த ‘கடவுள் ஏன் மனிதரானார்’ என்னும் நூலில் இருவகைக் கட்டாயத்தைப் பிரிக்கிறார். ஒன்று செயலுக்கு முன்னின்று அதனை நிகழ்த்துவது. மற்றொன்று செயலைத் தொடர்ந்து வருவது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் பேசுகிறீர்கள் என்பது மறுக்க முடியாத கட்டாயம். ஆனால் அக்கட்டாயம் உங்களைப் பேச வைக்கவில்லை. கிறிஸ்து தாமே விரும்பி இறந்தமையால் அவருடைய சாவுக்கு இரண்டாம் வகையே பொருந்தும் என்பது அவர் முடிபு. இலத்தீன் தெரிந்த இலக்கணியர் ஒருவர் பேசுவது போலவே இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினா, கடவுளுக்கு வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது, தேர்ந்த இலக்குக்கு இவ்வழி பொருத்தமானது என்ற அளவில் கட்டாயம் உண்டு என்றார். இந்நூல்களில் வேறு பல நுட்பங்கள் உள்ளன. அவை என் துறையைச் சேர்ந்தவை அல்ல.

இச்சொற்கள் தமிழுக்கு வந்த கதை என் துறையைச் சேர்ந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அங்கேயே அச்சாயிற்று. பின்னர்ப் பப்ரிசியசு, இரேனியசு எனப் பலர் திருத்தினர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்குச் சைவப் பெருமகனார் ஆறுமுக நாவலர் துணைநின்றார். இவர்கள் கைகளில் கிரேக்கத்தின் ‘தெய்’ தமிழில் ‘வேண்டும்’ என்று நிலைபெற்றது. இதனைவிடப் பொருத்தமான சொல்லை என்னால் எண்ண முடியவில்லை. இதுவும் மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் உருமாறாமல் நிற்கும். நான் வர வேண்டும், அவள் வர வேண்டும், மழை வர வேண்டும். ஆனால் இதன் வேர் கட்டாயம் அன்று, விருப்பம். பழந்தமிழில் வேண்டுதல் என்றால் விரும்புதல். வள்ளுவர் ஆசையின்மையை வேண்டாமை என்கிறார். இன்றும் கோயிலில் செய்வது வேண்டுதல்தான். ஆகவே ‘மெசியா இறக்க வேண்டும்’ என்னும் தமிழ்த் தொடர், யாரோ அதை வேண்டினார் என்ற நிழலைத் தன்னுள் வைத்திருக்கிறது. வேண்டியவர் யார் என்று கிரேக்கத்தைப் போலவே அதுவும் சொல்வதில்லை. கடவுளா, கொன்றவரா, இறந்தவரா? மேலே சொன்ன சண்டைகள் அனைத்தும் அந்த எழுவாயின் வெற்றிடத்தை நிரப்பப் போட்ட சண்டைகளே.

இன்னொரு சொல் ‘பாடு’. படு என்னும் முதனிலை திரிந்து பாடு ஆயிற்று. தன்மேல் நேர்வதை ஏற்றல் என்பது படு என்பதன் அடிப்படைப் பொருள். கிரேக்கப் ‘பாஸ்கோ’வுக்கும் அதுவே. அடிபடு, துன்பப்படு, ஞாயிறு பட்டது, களத்தில் பட்டான் என்று வீழ்தலுக்கும் சாவுக்கும் அது சென்றது. பழைய இலக்கியத்தில் பாடு என்பதற்குப் பெருமை என்றும் பொருள் உண்டு. துன்பம், சாவு, பெருமை மூன்றையும் தாங்கிய ஒரு சொல் தமிழில் ஆயத்தமாக இருந்தது என்பதைத் தரங்கம்பாடியில் எவரும் திட்டமிட்டிருக்க முடியாது. இரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டிய என் பாட்டி கிறித்தவர் அல்லர். “பாடுபட்டுப் பிள்ளைகளை ஆளாக்கினேன்” என்பார். “அவனவன் பாடு அவனவனுக்கு” என்றும் சொல்வார். முதல் வாக்கியத்தில் பிறருக்காகப் பட்டது. இரண்டாவதில் ஒருவர் பாட்டை இன்னொருவர் பட முடியாது என்பது. ஏசாயாவின் பாடலைப் பற்றி நடந்த வழக்கின் இரு பக்கமும் அவ்விரு வாக்கியங்களில் இருந்ததை நான் முனைவர் பட்டம் பெற்று வெகுகாலம் கழித்தே கண்டேன்.

1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து வெளியிட்ட திருவிவிலியம் எம்மாவுக் காட்சியில் ‘பாடு’ என்னும் பெயரை விட்டுத் ‘துன்பம்’ என்றது. ‘கிறிஸ்து’ என்ற இடத்தில் ‘மெசியா’ என்றது. இரண்டாவது மாற்றம் எனக்கு உடன்பாடு. பட்டப்பெயர் மீண்டும் பட்டப்பெயராயிற்று. முதலாவதில் எனக்கு மனக்குறை உண்டு. இக்காலத்தார்க்குப் பாடு என்றால் உழைப்பு என்று மட்டுமே விளங்கும் என்று குழுவினர் எண்ணியிருக்கலாம். வழிபாட்டு மொழி அவர்களுடன் முழுதாகச் செல்லவில்லை. உயிர்ப்பு விழாவுக்கு முந்திய ஞாயிறு, குருத்தோலைகளோடு மக்கள் கூடும் நாளுக்குத் தமிழ்க் கத்தோலிக்கத் திருவழிபாட்டில் இன்றும் ‘ஆண்டவருடைய திருப்பாடுகளின் குருத்து ஞாயிறு’ என்றே பெயர்.